எழுத்துக்குப் பதினைந்து ரூபாய்

அவென்யூ ரோட்டில் புத்தகக் கடைகள் முடிந்து
பாத்திரக் கடைகள் தொடங்கும் இடத்தில்
மாடிப்படிக்குக் கீழே எங்கள் கடை.
பன்வர்லால் சேட் கல்லாவில். நான் மெஷினில்.
கோப்பை, கேடயம், மெடல், நினைவுத் தகடு.
பெயர் பொறிக்க எழுத்துக்குப் பதினைந்து ரூபாய்,
புள்ளிக்குக் காசில்லை.

பதினொரு வருடமாக, டிசம்பர் வந்தால்
டாக்டர்கள் சங்கத்துப் பட்டியலும் வந்துவிடும்.
போன வருட ஃபைலைத் திறந்து
பெயரை மட்டும் மாற்றுவேன்.
இதய அறுவைக்கு ஒருவர், ஆய்வுக்கு ஒருவர்,
வாழ்நாள் சாதனைக்கு
வாழ்நாளெல்லாம் சங்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர்.
உச்சியில் நிற்கும் பொம்மைக்குக் கோட்டும் டையும் உண்டு,
மொராதாபாத்திலிருந்து அப்படித்தான் வருகிறது.
பெண் பொம்மையும் இருக்கிறது, அட்டைப்பெட்டியில்.
ஒன்று பரதம் ஆடும், ஒன்று த்ரோபால் எறியும்.
ஸ்டெதாஸ்கோப் மாட்டியது வரவழைக்கலாமே என்றால்
யார் கேட்கிறார்கள் என்பார் சேட்.
கேட்டது நான்தான்.

பெண் பெயர் வராமல் இல்லை.
ஒரு வருடம் கணவரோடு சேர்த்து ஒரே கேடயம்.
அவர் முப்பது பாயின்ட், அந்த அம்மா பதினெட்டு.
இடம் பத்தாது, சின்னதாகப் போடு என்று போனில் சொன்னார்கள்.
இன்னொரு வருடம் வாழ்நாள் சாதனைக்கே ஒரு பெண்.
சந்தோஷமாக அடித்துக்கொண்டே வந்தேன்,
அடுத்த வரி: மறைவுக்குப் பின்.

மற்றவர்களெல்லாம் பட்டியலின் கடைசிப் பக்கத்தில்,
மரச்சட்டம் இல்லாத ஆறங்குலத் தகட்டில்.
வரவேற்புக் குழுவுக்கு நன்றியுடன்.
விருந்து ஏற்பாட்டுக்கு நன்றியுடன்.

இந்த முறை சரக்கு எடுக்க வந்தவர் டாக்டர் தேச்சம்மா.
நுரையீரல்.
ஆட்டோவை நிறுத்திவைத்துவிட்டு
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
பதினேழு பெட்டியையும் பிரித்துப் பார்த்தார்.
ஹெக்டேயில் ஓர் எழுத்து குறைந்திருந்தது.
"கோபித்துக்கொள்வார், மாற்றிக் கொடுங்கள்."
நடுவே போன். கன்னடத்தில்:
தலைப்பக்கம் படுக்கையைத் தூக்கி வை,
அவன் கையைப் பிடித்துக்கொள், இதோ வருகிறேன்.
அதே மூச்சில் என்னிடம் தமிழில்:
"வெள்ளி ரிப்பன் வேண்டாம். தங்கம்."

கடைசிப் பெட்டி அவருடையது.
எம், ஆர், எஸ். தேச்சம்மா.
ஒருங்கிணைப்புக்கு நன்றியுடன்.

அவர் படித்தார்.
படிப்பதை நான் பார்த்தேன்.
பட்டியலில் இருந்ததைத்தான் அடித்தேன் மேடம் என்று
தாளை எடுத்துக் காட்டினேன்.
"தெரியும்."
மாற்றலாம் என்றேன். பித்தளையில் எழுத்தை அழிக்க வராது,
தேய்த்தால் பள்ளம் தெரியும்,
தகட்டையே மாற்றவேண்டும், இருபது நிமிடம்.
ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.
"இருக்கட்டும், இதை யார் பார்க்கப் போகிறார்கள்?"
ஹெக்டேயை மாற்றும்வரை
இருபது நிமிடம் நின்றுகொண்டே இருந்தவர்.

ராத்திரி ஷட்டர் பாதி இறங்கியபின்
துண்டுத் தகடு ஒன்றில் அடித்துப் பார்த்தேன்.
டி, ஆர். புள்ளி.
அதற்கு நாற்பத்தைந்து, இதற்கு முப்பது.
எங்கள் கணக்கில் டாக்டர்தான் மலிவு.
பெயரும் வந்துவிட்டது.
எதற்காக என்னும் வரியில் கர்சர் மினுக்கிக்கொண்டு நின்றது.
அவர் என்ன செய்தார் என்று
பதினொரு வருட ஃபைலில் எங்கேயும் இல்லை.
எனக்குத் தெரிந்ததை அடித்தேன்:
தலைப்பக்கம் படுக்கையைத் தூக்கி வை.
இதோ வருகிறேன்.

எந்த ஆர்டர் என்று சேட் எட்டிப் பார்த்தார்.
சாம்பிள் என்றேன்.

ஆடுகிறவளுக்கும் எறிகிறவளுக்கும் நடுவில்
கண்ணாடி அலமாரியில் இருக்கிறது, விலைச்சீட்டு இல்லாமல்.
நேற்று விளையாட்டு விழாவுக்குக் கப் வாங்க வந்த வாத்தியார்
கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
இது எந்தப் போட்டிக்கு என்று கேட்டார்.